நாலாவது ஆள்

ஜூன் 8, சனி

இன்று பந்தைத் தொடவில்லை. தொட விடவில்லை.

வகுப்பு முழுவதும் கைகள்தான். இடது கையை வை. எடு. வை. வலது கையை அதன்மேல் சாத்து. எடு. பயிற்சியாளர் பெயர் மெர்லின். என் வயதுதான் இருக்கும். மாநில அணிக்கு ஆடியவளாம். என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறாள். அந்தச் சாரில் மரியாதை ஒரு சொட்டும் இல்லை.

“ஈரத்துணியா சார் புழியிறீங்க? கிளப்புக்கும் கழுத்து இருக்கு. நெரிக்காதீங்க.”

கிளப், அதாவது கோல்ஃப் மட்டை, விரல்களில் கிடக்க வேண்டும், உள்ளங்கையில் அல்ல. குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு விரல்முட்டிகள் தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு வலது தோளைக் காட்ட வேண்டும். எனக்கு அது என் தாடையைக் காட்டியது.

நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன். ஒரகடத்தில், கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு கொரிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளன். தலைவர் யூன் சாரும் மூன்று கொரிய மேலாளர்களும் ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடுவார்கள். நான்கு பேர் சேர்ந்தால்தான் அவர்களுக்கு அது ஆட்டம். போன மாதம் ஒருவர் மாற்றலாகி ஊர் திரும்பிவிட்டார். மூன்று பேராக ஆடிப் பார்த்தார்கள், ருசிக்கவில்லை. யூன் சார் ஒருநாள் அலுவலகத்தில் பேச்சை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜூலைக்குள் பழகிக்கொள், செலவு கம்பெனியுடையது என்றார். நான் குனிந்து நன்றி சொன்னேன்.

கவிதை படிக்கத்தான் கொரிய மொழி கற்றேன். இதை இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

சேர்மத்துரையிடம், சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவன் உடன்குடி, நான் ஏரல், படித்தது ஒரே பள்ளிக்கூடம். அதே கம்பெனியில் மோல்டிங் பிரிவில் இருக்கிறான். வல்லக்கோட்டையில் ஒரே அறை. படித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு, இப்படி ஒரு வேலை காலியாக இருக்கிறது என்று போன் செய்ததே அவன்தான்.

ஏன் பொய் சொன்னேன்? கோல்ஃப் என்ற சொல்லை அவன் முன்னால் உச்சரிக்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் 10, திங்கள்

இடது உள்ளங்கையில் கொப்புளம். சேர்மத்துரை கேட்டான். பைல் கட்டுகள் தூக்கினேன் என்றேன். தேங்காயெண்ணெய் தடவிவிட்டான்.

ஜூன் 15, சனி

இன்று முதுகு.

பந்தை வைத்து, நில் என்றாள். நின்றேன். என்னைச் சுற்றி நடந்தாள். பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. ஒருவேளை பார்க்கவில்லை.

“யாருக்கு சார் கும்புடு போடுறீங்க?”

பந்தைப் பார்க்கக் குனிந்தேன் என்றேன்.

“குனியறது வேற, மடங்கறது வேற. தோள்லேர்ந்து குனியறீங்க. இடுப்புல மடங்கணும். முதுகு நேரா இருக்கணும். கை தானா தொங்கணும். நீங்க எதையோ ஒளிச்சு வச்சிருக்கிற மாதிரி நிக்கிறீங்க.”

கிளப்பை என் முதுகுத்தண்டு நெடுகப் படுக்கவைத்துப் பிடித்தாள். தலையின் பின்புறம், முதுகு நடு, இடுப்புக்குக் கீழே. மூன்று இடத்திலும் அது தொட வேண்டும். எனக்கு நடுவில் மட்டும் தொட்டது.

வீடு திரும்பும் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அலுவலகத்தில் ஒரு நாளில் எத்தனை முறை தலை தாழ்த்துகிறேன். கொரியர்கள் தாழ்த்தும்போது அவர்கள் முதுகு பலகை மாதிரி இருக்கும். அது அவர்களுக்கு ஒரு சடங்கு, செய்து முடித்ததும் நிமிர்ந்துவிடுகிறார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக நினைத்திருந்தேன். இல்லை. என்னுடையது அதற்கு முன்பே என்னிடம் இருந்தது.

துணி துவைக்க வேண்டும். என் முறை.

ஜூன் 18, செவ்வாய்

கேன்டீனில் இன்று தொழிலாளர்கள் யாரும் சாப்பிடவில்லை.

சத்தம் இல்லை, கோஷம் இல்லை. வழக்கம்போல வரிசையில் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். தட்டு எடுக்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து வேலைக்குப் போனார்கள். வருடக்கணக்காக டிரெய்னி என்ற பெயரிலேயே வைத்திருக்கிறார்கள், நிரந்தரம் செய்யுங்கள், அதுதான் கோரிக்கை. வேலையை நிறுத்தினால் சட்டம் பாயும். சாப்பிடாமல் இருப்பதற்குச் சட்டம் இல்லை. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இது பழைய வழிதான். கொரியர்களுக்குத்தான் புதிது.

சாயங்காலம் எங்கள் அறைக்கு ஆட்கள் வந்தார்கள். வாசலில் செருப்பு குவிந்தது. சேர்மத்துரை என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகவே மொட்டை மாடிக்குப் போனேன். அலுவலகத்துக்காரன் இருந்தால் அவர்கள் பேசச் சங்கடப்படுவார்கள் என்று நினைத்தேன். நல்லெண்ணம்தான்.

மாடியில் ஒட்டடைக் கம்பு கிடந்தது. எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு முட்டி தெரிந்தது. இடுப்பில் மடங்கினேன். கீழே யாரோ பேசும் குரல், நடுவில் சேர்மத்துரையின் குரல். அவன் பேச ஆரம்பித்தால் மற்ற எல்லாம் அடங்கிவிடுகிறது. அவனுக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. அதனால்தானோ.

அடுத்த மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா, “என்னா தம்பி, பாம்பா?” என்று கேட்டார்.

ஜூன் 22, சனி

மெர்லின் பயிற்சித் திடலின் அந்தக் கோடியில் நட்டிருந்த ஒரு கொடியைக் காட்டினாள். அதை நோக்கி நில்லுங்கள் என்றாள். நின்றேன்.

“எங்க பாத்து நிக்கிறீங்க?”

கொடியை.

தரையில் என் இரண்டு பாதங்களின் விரல்நுனியைத் தொடும்படி ஒரு கிளப்பைப் போட்டாள். விலகிப் பின்னால் வந்து பாருங்கள் என்றாள். பார்த்தேன். கிளப் காட்டிய கோடு கொடிக்கு வெகு தூரம் வலப்பக்கம் போனது.

“அது வாட்ச்மேன் கக்கூஸ் சார். நீங்க சூப்பரா அடிச்சா பந்து அங்க போய் உக்காரும்.”

மறுபடி நின்றேன். இந்த முறை நிச்சயம் கொடி. கிளப்பைப் போட்டாள். மறுபடியும் கக்கூஸ்.

இது எல்லாருக்கும் வருவதுதானாம். நிற்கிறவனுக்குத் தன் கால் எங்கே பார்க்கிறது என்று தெரியாதாம். கண் கொடியைப் பார்ப்பதால் உடம்பும் அங்கேதான் பார்க்கிறது என்று நம்பிவிடுவானாம். வழி ஒன்றுதான். பந்துக்குப் பின்னால் போய் நின்று, கொடிக்கும் பந்துக்கும் இடையில், பந்துக்குப் பக்கமாக ஒரு அடையாளம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு புல், ஒரு காய்ந்த இலை. கிளப்பின் முகத்தை, பந்தில் படும் பக்கத்தை, முதலில் அதற்கு நேராக வைக்க வேண்டும். முகம் வைத்த பிறகுதான் கால். எல்லாரும் காலை முதலில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இன்றுதான் அடிக்க விட்டாள். ஒன்றுகூட மேலே எழும்பவில்லை.

ஜூன் 24, திங்கள்

யூன் சார் கேன்டீனுக்கு வந்தார். கொட்டுவதற்காக வைத்திருந்த சோற்று அண்டாக்களைப் பார்த்தார். ஒப்பந்தக்காரரிடம் உணவில் என்ன குறை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். குறை இல்லை என்றார் அவர். சொன்னேன். அப்படியென்றால் ஏன் சாப்பிடவில்லை என்றார் யூன் சார். கேட்டேன். ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்தார். உங்களுக்குத் தெரியாதா தம்பி என்பதுபோல.

யூன் சார் உண்மையாகவே புண்பட்டிருந்தார். அவர்கள் ஊரிலும் பார்த்ததும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். வேலையை மறுப்பது அவருக்குப் புரியும். சோற்றை மறுப்பது அவரையே மறுப்பதாகப் படுகிறது.

அலுவலர் பகுதியில் நான் சாப்பிட்டேன். பீட்ரூட் பொரியல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர் காலி மேசைகளின் முன்னால்.

அறையில் சேர்மத்துரையிடம் சொன்னேன், எனக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை என்று.

“நீ சாப்பிடுல. ஒன்னைய யாரு என்ன சொன்னா? நீயும் பட்டினி கெடந்தா அந்த மனுசன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்கு யாருல வந்து சொல்லுவா?”

சிரித்தான். சொன்னேன். முகம் எப்படி இருந்தது என்று விவரமாகச் சொன்னேன்.

ஜூன் 29, சனி

பந்து நேராகப் போனது.

எழுத வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றுகிறது. பின்னால் நின்று ஒரு சோடா மூடியை அடையாளம் வைத்தேன். முகம். பிறகு கால். இடுப்பு மடங்கியது, கைகள் தொங்கின, பந்து இடது குதிகாலுக்குக் கொஞ்சம் உள்ளே. கையில் எந்த அதிர்வும் இல்லை, அடித்ததே தெரியவில்லை. நிமிர்ந்தபோது பந்து கொடிக்கு மேலே இருந்தது. மெர்லின் அடுத்த பந்தை உருட்டிவிட்டாள். அதுவும் போனது.

இன்று யூன் சாரும் வந்திருந்தார். அடுத்த தடுப்பில் அடித்துக்கொண்டிருந்தார். கைதட்டினார். இந்த நிறுவனத்தில் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. எங்குமே இல்லை, யோசித்துப் பார்த்தால்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். கேன்டீன் விஷயம் கேட்டார். சொன்னேன். சேர்மத்துரை என்று ஒருவன் இருக்கிறான், நல்லவன், நிதானமானவன், அவன் சாப்பிட்டால் எல்லாரும் சாப்பிடுவார்கள், அவனோடு பேசுங்கள் என்றேன். நல்ல விதமாகத்தான் சொன்னேன். இருவரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டால் முடிந்துவிடும்.

ஜூலை பதினான்காம் தேதி ஆட்டத்துக்கு வா என்றார்.

ஜூலை 1, திங்கள்

மழை. மாடியில் காயப்போட்டது எல்லாம் நனைந்துவிட்டது. சேர்மத்துரையிடம் சனிக்கிழமை பேச்சைச் சொல்ல வேண்டும். இன்று மட்டும் அவனுக்கு இரவு ஷிஃப்ட். நாளை சொல்லலாம்.

ஜூலை 3, புதன்

சொல்லவில்லை.

மதியம் யூன் சார் தொழிலாளர் பகுதிக்குள் வந்தார். கையில் இரண்டு தட்டு, அவரே சோறு போட்டு எடுத்து வந்தது. நான் பின்னால். எங்கும் பார்க்காமல் நேராக நடந்து சேர்மத்துரையின் முன்னால் ஒரு தட்டை வைத்தார். எதிரில் உட்கார்ந்தார். சேர்ந்து சாப்பிடுவோம் என்றார். தமிழில் சொன்னேன்.

முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்மத்துரை எழுந்து நின்றான். கை துடைத்தான்.

“சாரச் சாப்பிடச் சொல்லு. நாங்க ஒரு நாள் சேந்து சாப்பிடத்தான் போறோம். இன்னைக்கு வேண்டாம்.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் என்பதைக் கொரிய மொழியில் கொண்டுவர முயன்றேன். மரியாதைக்கு அந்த மொழியில் பஞ்சமே இல்லை. ஆனால் யூன் சார் காதில் விழுந்தது வேண்டாம் என்பது மட்டும்தான். அவர் தனியாகச் சாப்பிட்டார். பாதித் தட்டு. மெல்லும் சத்தம் எனக்குக் கேட்டது. காது நுனிகள் சிவந்திருந்தன.

அறைக்கு வந்ததும் சேர்மத்துரை கேட்டான். “அத்தன பேரு இருக்காவ. நேரா எங்கிட்ட எப்பிடில வந்தாரு?”

நீ கதவோரம் இருந்தாய், அதனால் இருக்கும் என்றேன்.

அவன் கதவோரம் இல்லை. நடுவில் இருந்தான். அவனுக்கும் அது தெரியும். யோசித்துவிட்டு, சரி என்றான்.

ஜூலை 5, வெள்ளி

சேர்மத்துரை தற்காலிகப் பணிநீக்கம். மற்றவர்களைத் தூண்டினான், தலைவரை அவமதித்தான் என்று குற்றச்சாட்டு. விசாரணை நடக்கும். குற்றம் நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் டிரெய்னி என்றுகூட இந்த வட்டாரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள்; பெயர் கம்பெனிக்குக் கம்பெனி போய்விடும். அவனை நம்பித் தங்கை கல்லூரியில் இருக்கிறாள்.

உத்தரவின் தமிழ் நகலை யூன் சாருக்குக் கொரிய மொழியில் வாசித்துக் காட்டினேன். தூண்டினான் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் மென்மையான சொல் போட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

மறுநாள் முதலே ஆட்கள் சாப்பிட வந்துவிடுவார்கள் என்று மனிதவள அதிகாரி சொன்னார்.

ஜூலை 6, சனி

போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஒரு பந்தும் சரியில்லை. எல்லாம் வலது பக்கம். கிளப்பை வீசும்போது மணிக்கட்டைத் திருப்பி இழுத்துப் பார்த்தேன், இடது பக்கம் போனது. மெர்லின் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு என் கையிலிருந்து கிளப்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

“சார், நடுவுல சரி பண்ணிக்கலாம்னு பாக்குறீங்க. முடியாது. நீங்க கிளப்ப தூக்குறதுக்கு முன்னாடியே பந்து எங்க போகப்போகுதுன்னு முடிவாயிடுது. நான் பந்தப் பாக்குறதே இல்ல. நீங்க நிக்கிறத மட்டும்தான் பாக்குறேன்.”

பிறகு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இதுவரை இல்லாத குரல். தூக்கமில்லை என்றேன்.

ஜூலை 8, திங்கள்

கேன்டீனில் பாதிப் பேர் சாப்பிட்டார்கள்.

ஜூலை 10, புதன்

வேலைக்குப் போக முடியாததால் சேர்மத்துரை சமைக்கிறான். எனக்கும் சேர்த்து. காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கையில் கொடுத்தான். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. கேன்டீனில் சாப்பிடாதவன் கட்டிக் கொடுத்ததை, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்திலிருந்தவர் வாசனை நன்றாக இருக்கிறது, யார் சமையல் என்று கேட்டார். ஊர்க்காரன் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். துணி மூட்டையில் என் கோல்ஃப் கையுறை இருந்திருக்கிறது. துவைத்துக் கொடியில் போட்டுவிட்டான்.

“ஏல நாயகம், இது என்னல ஒத்தக் கைக்கு மட்டும்? மத்த கை யாருகிட்ட இருக்கு?”

சொல்லிவிட்டேன். சனிக்கிழமைகள், மெர்லின், நாலாவது ஆள், எல்லாம். கோபப்படுவான் என்று நினைத்தேன். கட்டிலில் விழுந்து சிரித்தான்.

“நீயா? பள்ளிக்கொடத்துல கபடிக்கு ஆளு பத்தலன்னாகூட ஒன்னைய கூப்பிட மாட்டானுவளே. எப்பிடி நிக்கணும், காட்டு.”

ஒட்டடைக் கம்பைக் கொடுத்தேன். கிரிக்கெட் மட்டை மாதிரி பிடித்தான். விரல்களைப் பிரித்து வைத்துக் காட்டினேன். அவன் கைகளைத் தொட்டு இடம் மாற்றும்போது அவை எவ்வளவு சூடாக இருந்தன. வருடக்கணக்காக அச்சுகளைத் திறந்து மூடிய கைகள். இடுப்பில் மடங்கு என்றேன். மடங்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று கத்தினான். இருவரும் சிரித்தோம். வெகுநாள் கழித்து.

பிறகு கம்பைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னான்.

“அவருகூட அம்புட்டு நேரம் நிக்கியே. பேச்சுவாக்குல எனக்காவ நல்லவிதமா ஒரு வார்த்த சொல்லேம்ல.”

சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஆடினேன். நாலாவது ஆளாக.

புல்வெளி இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது. புல்லில் தெளித்திருந்த தண்ணீர் காலுறை வரை நனைத்தது. முதல் குழிக்கு அடிக்கும் இடத்தில் மூன்று கொரியர்களும் வாய் மூடிக் காத்திருந்தார்கள். பின்னால் போய் நின்று ஒரு காய்ந்த இலையைப் பார்த்துக்கொண்டேன். முகம். கால். பந்து தூரம் போகவில்லை, ஆனால் நேராகப் போனது. மூவரும் கைதட்டினார்கள். மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுதாமல் விடலாம். இருந்தது என்பது உண்மை.

சேர்மத்துரைக்காக ஒரு வார்த்தை சொல்ல ஒன்பதாவது குழி வரை காத்திருந்தேன். அங்கே யூன் சார் தானாகவே, உன் நண்பன் வினோதமானவன், நல்ல சாப்பாட்டை வேண்டாம் என்றான் என்றார். ஆமாம் என்றேன்.

ஆமாம் என்று மட்டும்தான்.

ஜூலை 19, வெள்ளி

விசாரணை வியாழக்கிழமை. யூன் சார் சாட்சி சொல்கிறார். மொழிபெயர்க்க வேறு ஆளைப் போடச் சொல்லி மனிதவள அதிகாரியிடம் கேட்டேன். காரணம் கேட்டார். அறை நண்பன் என்றேன். அதில் அவனுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் எங்களுக்கும் இல்லை என்றார்.

சேர்மத்துரையிடம் கேட்டிருக்கிறார்கள். அவன் சந்தோஷமாகச் சரி என்றிருக்கிறான். சாயங்காலம் என்னிடம், “நீ இருந்தா எனக்குப் பயம் இல்லல. நான் சொன்னது சொன்னபடி போவும், அவரு சொன்னது சொன்னபடி வரும்” என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து போனேன்.

ஜூலை 25, வியாழன்

நடந்தது அப்படியே.

பயிற்சி அறையில் வைத்தார்கள். நீள மேசை. விசாரணை அதிகாரி செங்கல்பட்டு வழக்கறிஞர், ஞானமூர்த்தி என்று பெயர், சளி பிடித்திருந்தது. பக்கத்தில் தட்டச்சு செய்யும் அம்மா. ஒரு பக்கம் யூன் சார், அவருக்கு அருகில் நான். எதிரில் சேர்மத்துரை, வெள்ளைச் சட்டை, நேற்று நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அறையில் கொரிய மொழி தெரிந்தவர்கள் யூன் சாரும் நானும் மட்டும்.

முதலில் யூன் சார் தன் தரப்பைச் சொன்னார். தட்டு, மறுப்பு, முந்நூறு பேர். மொழிபெயர்த்தேன். சரியாகவே செய்தேன்.

சேர்மத்துரை கேள்வி கேட்கலாம் என்றார் அதிகாரி. அவன் ஒரு கேள்விதான் தயார் செய்திருந்தான். அவன் தூண்டினான் என்பதற்கு யாருடைய சாட்சியும் கம்பெனியிடம் இல்லை. அதனால் அந்த ஒரு கேள்வியில் எல்லாம் உடைந்துவிடும் என்று என்னிடமே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறான்.

“முந்நூறு பேருல நான்தான் தலைவன்னு சாருக்கு எப்பிடித் தெரியும்? யாரு சொன்னா?”

கொரிய மொழியில் கேட்டேன். வார்த்தை மாறாமல் கேட்டேன்.

யூன் சார் என்னைப் பார்த்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலக் கொஞ்சம் சிரித்தார். நீதானே சொன்னாய் என்றார்.

தட்டச்சு அம்மாவின் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன. மின்விசிறியில் ஒரு தாள் படபடத்தது.

“சூப்பர்வைசர்கள் மூலமாகத் தெரியவந்தது என்கிறார்.”

அந்த அம்மா தட்டினார். சேர்மத்துரையின் முகம் மலர்ந்தது. எந்த சூப்பர்வைசர், பெயர் சொல்லட்டும், கூப்பிடட்டும் என்று ஆரம்பித்தான். அதற்குள் யூன் சார் கையை உயர்த்தினார். சூப்பர்வைசர் என்ற சொல் அவருக்கும் தெரியுமே. தவறாகப் பதிவானதைப் பொறுக்காத மனிதர். நோ சூப்பர்வைசர் என்றார். பிறகு விரலால் என்னைக் காட்டினார். கோபமில்லாமல், உதவி செய்கிறவர் மாதிரி.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையும் யூன் சாரையும் மாறிமாறிப் பார்த்தார். சேர்மத்துரை என்னை மட்டும் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். தோளிலிருந்து குனிந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளரை மாற்ற வேண்டுமா, அதுவரை ஒத்திவைக்கலாம் என்றார் அதிகாரி.

“வேண்டாம்யா” என்றான் சேர்மத்துரை. “இவன் நல்லாச் சொல்லுவான். அன்னைக்கு என்ன பேச்சு நடந்துச்சோ, சாரு முழுசும் சொல்லட்டும். இவனே தமிழ்ல சொல்லட்டும்.”

யூன் சாரிடம் கேட்டேன். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். நினைவு நன்றாக உள்ளவர். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, நான் முடிக்கும் வரை நிறுத்தி, அடுத்ததைச் சொன்னார்.

“ஜூன் கடைசிச் சனிக்கிழமை என்கிறார். கோல்ஃப் பயிற்சித் திடலில். அன்று மொழிபெயர்ப்பாளர் முதல்முறையாகப் பந்தை நேராக அடித்தார். நான் கைதட்டினேன். பிறகு தண்ணீர் குடித்தோம்.

“நான் எதுவும் கேட்கவில்லை என்கிறார். ஆட்டத்தின்போது கம்பெனி விஷயம் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. அவராகவே ஆரம்பித்தார். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார்.

“சேர்மத்துரை என்ற பெயரைச் சொன்னார். தன்னோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் என்றார். கூட்டங்கள் அந்த அறையில்தான் நடக்கின்றன என்றார். யார் யார் வருகிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார். நான் கேட்கவில்லை, அதனால் அவர் மற்ற பெயர்களைச் சொல்லவில்லை.”

என் குரல் நன்றாகத்தான் இருந்தது. எங்கும் தடுக்கவில்லை. சேர்மத்துரை தலையைக் கொஞ்சம் சாய்த்து, பள்ளியில் பாடம் கேட்பவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

யூன் சார் கடைசி வாக்கியத்தைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதியதில்லை. அந்தச் சனிக்கிழமை இரவு எழுத உட்கார்ந்தபோது எனக்கு அது நினைவில் இருந்தது.

“சேர்மத்துரை சாப்பிட்டால் எல்லாரும் சாப்பிடுவார்கள் என்றார். பிறகு, சேர்மத்துரை இல்லாவிட்டாலும் எல்லாரும் சாப்பிடுவார்கள் என்றார்.”

விசைகள் ஓடின. நின்றன. தட்டச்சு அம்மா தலை நிமிர்ந்து, கடைசி வரி காதில் விழவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்றார்.

திருப்பிச் சொன்னேன்.